11 ஏக்கருக்கு ஒன்றேகால் லிட்டர்

"அடுப்புக்கரியைப் பால்ல கழுவினாலும் வெளுக்குமாடா?"

நிலக்கரி கழுவும் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது பெரியப்பா கேட்டது இது. வெளுக்க வைக்க இல்லை பெரியப்பா, சாம்பலைக் குறைக்க என்றேன். "எரிச்சாத்தானே சாம்பல் வரும்? எரிக்கிறதுக்கு முன்னாடியே எப்படிக் குறைப்பீங்க?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

நாங்கள் சாம்பல் என்று சொல்வது, கரிக்குள் எரியாமல் கிடக்கும் களிமண்ணையும் மணலையும் கல்தூளையும். இந்திய நிலக்கரியில் இது மிக அதிகம். கோண்ட்வானா காலத்தில், அதாவது பல கோடி ஆண்டுகளுக்கு முன், வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து குவித்த செடிகொடிகளோடு சேறும் சேர்ந்தே படிந்துவிட்டது. நம் நாட்டில் எஃகு ஆலைக்கு ஏற்ற நல்ல கோக்கிங் கரி கிடைக்கும் இடம் ஜார்க்கண்டின் ஜரியா. ஆனால் ஆலைக்காரர்கள் கேட்பது 17, 18 சதவீதச் சாம்பல். வெட்டி எடுக்கும் கரியில் அதைவிட மிகக் கூடுதலாக இருக்கும். ஆகவே கழுவ வேண்டும். பெரிய கட்டிகளைக் கழுவுவது எளிது. கரி இலேசு, கல் கனம். சரியான அடர்த்தியுள்ள குழம்பில் போட்டால் ஒன்று மிதக்கும், மற்றது மூழ்கும். தொல்லை தருவது அரை மில்லிமீட்டருக்கும் கீழான பொடிதான். அங்கே ஒப்படர்த்தி அவ்வளவாகக் கைகொடுக்காது. அதைப் பிரிக்க நுரைதான் வழி. பிளஸ் டூ வேதியியலில் நுரை மிதப்பு முறை என்று 2 மதிப்பெண்ணுக்குப் படித்தோமே, அதேதான்.

தன்பாத் பக்கம் ஒரு வாஷரியில், அதாவது கரி கழுவும் ஆலையில், பயிற்சிப் பொறியாளராக இருந்தேன். 2011 மழைக்காலம். ஃபிளோட்டேஷன் செல் என்பது பார்வைக்குக் கல்யாண வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான் இருக்கும். நடுவில் ஒரு சுழலி கரிக்குழம்பைக் கலக்கிக்கொண்டே காற்றை உள்ளே இழுக்கும். குழம்பில் கொஞ்சம் டீசலும் நுரை தரும் ஆல்கஹாலும் சேர்ப்பார்கள். கரித்துகள் குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து, கறுப்பு நுரையாக விளிம்பு வழியே வழியும். களிமண் தண்ணீரோடு அடியில் வெளியேறும். அந்தக் கழிவுக்கு டெய்லிங்ஸ் என்று பெயர். செல் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க ஆபரேட்டர்கள் ஆய்வகத்துக்கு ஓட மாட்டார்கள். ஒரு வெள்ளை எனாமல் மக்கில் டெய்லிங்ஸைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். சாம்பல் நிறமாக இருந்தால் சரி. கறுப்பாக இருந்தால் கரி வீணாகப் போகிறது.

மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு ஒருநாள் மக்கில் மை மாதிரி வந்தது. புதுக் கரி வரவில்லை என்று முற்றத்தில் மாதக்கணக்கில் கிடந்த பழைய குவியலை அள்ளிப் போட்டிருந்தார்கள். செல் பக்கத்தில் நின்ற மூத்த ஆபரேட்டரை நான் தாதா என்றுதான் கூப்பிடுவேன். அங்கே வயதில் பெரியவர்களை அப்படித்தான் அழைப்பது. "தாதா, டீசலைக் கூட்டுங்க" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். நான் படித்தவனாயிற்றே! கரி ஒட்டவில்லை, ஒட்ட வைப்பது எண்ணெய், ஆகவே எண்ணெயைக் கூட்டு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. வால்வை இரண்டு பங்கு திறந்தார்.

பத்து நிமிடம் இருக்கும். குண்டு குண்டாகப் பொங்கிக்கொண்டிருந்த நுரை அப்படியே படுத்துவிட்டது. மேலே வானவில் நிறத்தில் ஒரு பளபளப்பு. விளிம்பு வழியே எதுவும் வழியவில்லை. மக்கில் பிடித்தால் முன்பைவிடக் கறுப்பு. தாதா என்னைத் திட்டவில்லை. வால்வை மூடிவிட்டு, "எண்ணெய் அதிகமாகிவிட்டது, சாப்" என்று இந்தியில் சொல்லிவிட்டு பீடி பற்றவைக்க வெளியே போனார். அந்த ஷிஃப்டின் கரி பெரும்பாலும் கழிவுக் குட்டைக்குத்தான் போனது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எண்ணெய் பசை மாதிரி வேலை செய்கிறது என்று நான் நினைத்ததுதான் தவறு என்று புரிய இன்னும் சில மாதங்கள் ஆயின.

தாமரை இலைத் தண்ணீர் போல என்கிறோம். ஒட்டாமல் இருப்பதற்கு நம் மொழியில் அதைவிட நல்ல உவமை கிடையாது. அந்த இலையைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள். தண்ணீர் எதில் ஒட்ட மறுக்கிறதோ, அதில் காற்று ஒட்ட விரும்பும். தாமரை இலையை மெல்ல நீருக்குள் அமிழ்த்தினால் வெள்ளி பூசியது போல மின்னுமே, அது இலை பிடித்து வைத்திருக்கும் காற்றுப் படலம். நல்ல கோக்கிங் கரியின் புத்தம்புதிய முகமும் ஓரளவு தாமரை இலைதான். அது கார்பனும் ஹைட்ரஜனும் மிகுந்த பொருள், தண்ணீருக்குப் பிடிக்க அதில் அதிகம் ஒன்றுமில்லை. களிமண்ணும் மணலும் அப்படி இல்லை, தண்ணீரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

ஆனால் விரும்பினால் மட்டும் போதாது. குமிழிக்கும் கரிக்கும் நடுவில் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே தண்ணீர் சிக்கினால் எளிதில் வெளியே வராதே, அதே கதை. அந்தப் படலம் வடிந்து, சில பத்து நானோமீட்டர் அளவுக்கு மெலிந்து, ஓரிடத்தில் கிழிந்து, கிழிந்த ஓட்டை விரிந்தால்தான் ஒட்டுதல் நடக்கும். செல்லுக்குள் சுழலும் நீரில் துகளும் குமிழியும் சந்திக்கும் நேரமோ சில மில்லி நொடிகளிலிருந்து சில பத்து மில்லி நொடிகள்தான். அதற்குள் கிழிந்தால் உண்டு, இல்லையென்றால் துகள் குமிழியின் தோளில் வழுக்கிக்கொண்டு போய்விடும். பஸ் கிளம்பும்போது ஓடிப்போய்ப் படிக்கட்டில் தொற்றுவது போல. கை பிடிக்க ஒரு நொடி தாமதித்தாலும் அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். பயிற்சியின் கடைசி மாதங்களில் ஒரு ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. கரிக்கட்டியை ரெசினில் பதித்து, நீர் விட்டு எமரித்தாளில் தேய்த்து, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக்கி, சின்னக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீருக்குள் முகம் கீழே பார்க்கும்படி வைப்பார்கள். கீழிருந்து ஜே எழுத்து மாதிரி வளைந்த ஊசியின் நுனியில் 2 மில்லிமீட்டர் குமிழியை ஊதி, மேலே மெதுவாக நகர்த்திக் கரியின் மீது அழுத்த வேண்டும். பக்கவாட்டில் கேமரா.

புதுக் கரியில் குமிழி மோதியதும் கொஞ்சம் தட்டையாகும். ஒரு கணம் எதுவும் நடக்காது. அப்புறம் சட்டென்று அதன் மேல்பகுதி அகலமாகிக் கரியைக் கவ்விக்கொள்ளும். ஊசியை இழுத்தால் குமிழி நீளும், விடாது. அதே கரியைச் சூடான அடுப்பில் பல மணி நேரம் காற்றுப்பட வைத்து எடுத்துப் பார்த்தேன். குமிழி கடுகு மாதிரி உருண்டு ஓடியது. எத்தனை முறை அழுத்தினாலும் ஒட்டவே இல்லை. முற்றத்தில் மாதக்கணக்கில் கிடந்த கரிக்கு நேர்ந்ததும் இதுதான். ஆக்சிஜன் மேற்பரப்பில் ஏறி, கார்பாக்சிலும் ஹைட்ராக்சிலுமாகத் தொகுதிகள் முளைத்துவிட்டன. தண்ணீர் அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கை கோத்துக்கொள்கிறது. பிறகு அதைக் கிளப்புவது லேசில்லை.

மூன்றாவதாக, மண்ணெண்ணெயைத் தண்ணீரில் நன்றாக அடித்துக் கலங்கலாக்கி, அதில் புதுக் கரியைக் கொஞ்ச நேரம் ஊறவைத்தேன். கேமராவில் பார்த்தால் கரி முழுதும் எண்ணெய் பூசியிருக்கவில்லை. பனித்துளி போல அங்கங்கே நுண்ணிய சொட்டுகள் ஒட்டியிருந்தன. குமிழியை மேலே கொண்டுபோனேன். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. சொட்டு ஒன்றைத் தொட்டதும் குமிழி பாய்ந்து கவ்வியது.

அந்தச் சொட்டுதான் விஷயம். அகலமான தட்டை முகத்துக்கு நடுவில் சிக்கிய தண்ணீர் வடிய நேரமாகும். துருத்திக்கொண்டு நிற்கும் சின்னச் சொட்டின் நுனிக்கு மேலே தண்ணீர் மிகக் கொஞ்சம்தான், அது உடனே விலகிவிடும். கிழிசல் அங்கே தொடங்கிப் பக்கத்தில் பரவும். எண்ணெய் படிந்த கரியில் தண்ணீரின் தொடுகோணமும், அதாவது தண்ணீரின் ஓரம் கரியோடு வைக்கும் கோணமும், கூடுகிறது. கோணம் கூடினால் பிடிப்பும் கூடும். 60 டிகிரியாக இருந்தது 90 ஆனால், ஒட்டிய குமிழியைப் பிய்த்தெடுக்கத் தேவையான வேலை சரியாக இரண்டு மடங்கு. தாமஸ் யங் 1805இல் சொன்ன சமன்பாட்டிலிருந்து வரும் கணக்கு இது. பாடப்புத்தகம் எண்ணெய் தாதுவை நனைக்கிறது, நீர் கசடை நனைக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடும். பொய்யில்லை. ஆனால் காற்று எங்கே வருகிறது என்பதை அந்த வரி சொல்லாமல் விடுகிறது.

நான்காவது சோதனை என் தவறுக்கானது. பஞ்சில் மண்ணெண்ணெயைத் தொட்டுக் கரியின் மீது தாராளமாகப் பூசினேன். குமிழி ஒட்டியது. ஆனால் பிடித்து நிற்கவில்லை, எண்ணெய்க்கு மேலேயே இங்கும் அங்கும் வழுக்கிக்கொண்டிருந்தது. ஊசியை இழுத்தபோது தலையில் ஒரு எண்ணெய்த் தொப்பியோடு கழன்று வந்தது. அது கவ்வியது கரியை அல்ல, எண்ணெயை. எண்ணெய் தரகர் மாதிரி இரண்டு பேரையும் சேர்த்துவைத்துவிட்டு நகர வேண்டியது. நடுவிலேயே உட்கார்ந்துகொண்டால் அவரோடுதான் உறவு.

சரி, எவ்வளவு எண்ணெய் கொஞ்சம்? ஒரு டன் கரிப்பொடிக்குச் சாதாரணமாக ஒரு கிலோ அளவில் டீசல் போடுவார்கள், கரியைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். ஒருநாள் மதியம் கேன்டீன் பில்லின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். துகள்கள் எல்லாம் 0.1 மில்லிமீட்டர் உருண்டைகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் பொடியின் மொத்த மேற்பரப்பு சுமார் 44,000 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 11 ஏக்கர். ஒரு கிலோ டீசல் என்பது ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 11 ஏக்கர் நஞ்சையில் ஒன்றேகால் லிட்டர் எண்ணெயைச் சமமாகத் தடவினால் கனம் எவ்வளவு வரும்? சுமார் 27 நானோமீட்டர். சில பத்து மூலக்கூறுகளை அடுக்கிய உயரம், அவ்வளவே. உண்மையில் அது சமமாகவும் பரவாது. நீரில் டீசல் சொட்டும் கரித்துகளும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். அதை மீறிச் சேர வைக்கத்தான் அவ்வளவு கலக்கல்.

இந்தக் கொஞ்சத்தின் மகிமையைக் கண்டுபிடிக்க மனிதர்களுக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 1877இலேயே டிரெஸ்டன் நகரத்து பெஸல் சகோதரர்கள் கிராஃபைட்டைக் கொஞ்சம் எண்ணெயோடு நீரில் கலந்து கொதிக்கவைத்தார்கள். கொதிக்கும் நீரின் குமிழிகள் கிராஃபைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தன. காப்புரிமையும் வாங்கினார்கள். கிராஃபைட்டும் கரியின் உறவுக்காரன்தானே. 1886இல் அமெரிக்காவில் கேரி எவர்சன் என்ற பெண்மணி எண்ணெயும் அமிலமும் சேர்த்துத் தாது பிரிப்பதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதன்பின் உலகம் எண்ணெயையே நம்பிப் போயிற்று. 1898இல் வேல்ஸின் கிளாஸ்டிர் சுரங்கத்தில் எல்மோர் செய்த முறையில் ஏறக்குறைய தாதுவின் எடைக்கு எடை எண்ணெய். எண்ணெயின் மிதப்பிலேயே தாதுவைத் தூக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எண்ணெய்ச் செலவே சுரங்கத்தை விழுங்கிவிடும்.

1905இல் லண்டனில் சல்மன், பிக்கார்ட், பல்லாட் மூவரின் ஆட்கள் எண்ணெயைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். குறைக்கக் குறைக்கத் தாது ஒன்றோடொன்று ஒட்டி உருளைகளாகத் திரள்வது நின்றுபோனது. தோல்வி என்று விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். 1 சதவீதத்துக்கும் கீழே போய், குழம்பைப் பலமாகக் கலக்கியபோது, தாது நுரையாக மேலே வந்து நின்றது. தூக்குவது காற்று, எண்ணெய் வெறும் துணை. அமெரிக்காவின் மான்டானாவில் ஜேம்ஸ் ஹைட் என்பவர் அதே முறையைக் கையாள, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1916இல் தீர்ப்பு வந்தது: காப்புரிமை செல்லும், ஆனால் எண்ணெய் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் முறைக்கு மட்டும். எண்ணெயின் அளவைப் பற்றியே நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிய வழக்கு வேறு எங்கும் இருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஜரியாவில் பூமிக்கடியில் கரி தீப்பிடித்திருப்பதை முதலில் கண்டுகொண்டதும் அதே 1916தான். அது இன்னும் எரிகிறது.

நுரை ஏன் படுத்தது என்ற கேள்விக்குப் பதில் அம்மாவின் அடுப்படியில் இருந்தது. பருப்பு பொங்கி வழியாமல் இருக்க அம்மா ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். மந்திரம் மாதிரி நுரை அடங்கும். நுரையின் ஒவ்வொரு சுவரும் மெல்லிய நீர்ப்படலம். கூடுதலாக மிதக்கும் எண்ணெய்ச் சொட்டு அந்தச் சுவரின் இரண்டு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு நின்றால் சுவர் அங்கேயே கிழிகிறது. கரிக்கும் குமிழிக்கும் நடுவே நமக்கு வேண்டிய கிழிசல், குமிழிக்கும் குமிழிக்கும் நடுவே நடக்கிறது. வேலை ஒன்றேதான், நடந்த இடம்தான் தப்பு. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கா அவ்வளவு தூரம் போய்ப் படிச்ச?" என்றார்.

எண்ணெய் எங்கே போய் நிற்கும் என்பதும் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். சித்த மருத்துவத்தில் நெய்க்குறி பார்ப்பார்கள். சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெயை விட்டு, பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்பார்கள். நோய் தெரியுமா என்பது வேறு விஷயம். ஆனால் உற்றுப் பார்த்தது மேற்பரப்பு வேதியியலைத்தான். நீரின் மேல் ஹெக்சாடெக்கேன் என்ற தூய எண்ணெய் முத்தாக நிற்கும், ஆக்டேன் பரவலாமா வேண்டாமா என்ற எல்லையில் இருக்கும். டீசல், மண்ணெண்ணெய் மாதிரிக் கலவைகளில் இருக்கும் அசுத்தங்கள் பரவ உதவும். பரவும் எண்ணெய் குமிழியின் மேலும் தோலாகப் படியும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணலிலிருந்து பிட்டுமன் என்ற தார் போன்ற கெட்டி எண்ணெயை எடுக்கும்போது, பிட்டுமன் சொட்டு குமிழியைத் தொட்டதும் அதன் மேல் படர்ந்து போர்த்திக்கொள்கிறது. அங்கேயுள்ள ஆய்வாளர்கள் குமிழிக்கே முதலில் எண்ணெய் பூசி அனுப்பினால் என்ன என்று முயன்றும் பார்த்திருக்கிறார்கள். எண்ணெயைக் குழம்பு முழுதும் கொட்டுவானேன், வேலை நடக்கும் இடத்துக்கே குமிழி சுமந்துகொண்டு போகட்டுமே! எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

விடுமுறைக்கு வந்து திரும்பும்போது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பாதிக்குப் பாதி ஈரம், உடம்பெல்லாம் ஆக்சிஜன். குமிழி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைக் கழுவ வேண்டிய அவசியமும் இல்லை, நேராக அனல்மின் நிலையத்துக் கொதிகலனுக்குப் போகிற கரி அது. ஆனாலும் ஊர்க்காரன் தோற்றது போல ஒரு வருத்தம்.

அப்படியானால் காற்றுப்பட்ட பழைய கரிக்கு என்னதான் செய்வது? வெறும் டீசலை ஊற்றினால் ஆகாது. அது ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் உட்காராது, தண்ணீர் எழுந்து இடம் கொடுக்காது. ஒலீயிக் அமிலம் மாதிரி ஒரு முனை நீருக்கு உறவாகவும், மறுமுனை எண்ணெய்க்கு உறவாகவும் உள்ள பொருளைக் கொஞ்சம் டீசலில் கலந்தால், அது தலையைக் கரியின் ஆக்சிஜனோடு கோத்துக்கொண்டு வாலை வெளியே நீட்டும். அந்த வாலில் டீசல் வந்து அமரும். இன்னொரு வழி, கரியைக் கொஞ்சம் தேய்த்து அரைத்துப் புது முகத்தை வெளியே கொண்டுவருவது.

எங்கள் வாஷரியில் ஒலீயிக் அமிலமும் இல்லை, அரைக்கும் இயந்திரமும் இல்லை. தாதாவிடம் ஒரு வாளி இருந்தது. அடுத்த முறை பழைய குவியல் வந்தபோது, அதைப் புதுக் கரியோடு ஒன்றுக்கு மூன்றாகக் கலந்துதான் விடச் சொன்னார். வாளியில் டீசலோடு கொஞ்சம் நுரைமருந்தையும் தண்ணீரையும் ஊற்றி, மரக்கட்டையால் மோர் கடைவது போல அடித்தார். பால் மாதிரி வெளுத்தது. அதைச் செல்லில் ஊற்றவில்லை. பின்னால் இருக்கும் கலக்கும் தொட்டியில், கரிக்குழம்பு செல்லுக்கு வரும் முன்பே சேர்த்தார். கரியும் சொட்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க நேரம் வேண்டும் என்பது அவர் யாரிடமும் படித்ததல்ல. அளந்து பார்த்தேன், வழக்கமாகப் போடும் டீசலைவிடக் குறைவு.

முக்கால் மணி நேரம் கழித்து எனாமல் மக்கை என் கையில் கொடுத்தார். கேழ்வரகுக் கூழை நீர்க்கக் கரைத்தது போல ஒரு நிறம்.